கடைவரம்பு

வீங்கியிருப்பது கை.
பெனிலா கழுத்தில் தொடங்குகிறாள்.

காறை எலும்புக்கு மேலே அந்தக் குழியில்
இரண்டு விரல் வைத்து
தோலை மட்டும் நகர்த்தி, விடுகிறாள்.
எண்ணெய் இல்லை. அழுத்தம் இல்லை.
இதற்கா கருங்கலில் இருந்து பஸ் ஏறி
மார்த்தாண்டம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்?
எங்கள் பக்கம் ஆசான் தடவினால்
அலறல் ரோட்டுக்குக் கேட்கும்.
வலிக்காத வைத்தியத்துக்கு
முந்நூறு ரூபாய்.

"கை இங்க கெடக்கு, பிள்ளே."
"தெரியும் அக்கா. மொதல்ல கழுத்து."

திரைக்கு அந்தப்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில்
ஏசுவடியான் இருமினார், என் மாப்பிள்ளை.
முப்பத்தொரு வருஷமாய் பட்டணங்கால் சானலில் லஸ்கர்.
ஷட்டர் சாவி இல்லாமல்
ஞாயிறு ஆராதனைக்குக்கூடப் போனதில்லை.
"அவ சொல்லது செரிதான்" என்றார் திரையிடம்.
"கீழ அடைப்பெடுக்காம மேல தொறந்தா
கரை ஒடையும்."

இடது மார்போடு
அக்குளில் இருந்து பதினேழு நெறிகட்டி எடுத்ததாக
ரிப்போர்ட்டில் இருந்தது.
எண்ணியிருக்கிறார்கள்.
அவை இருந்த இடத்தில் இப்போது வழியில்லை.
வழியில்லாத நீர் கையில் நிற்கிறது.
மோதிரத்தை நகைக்கடையில் வெட்டித்தான் எடுத்தோம்,
பவுடர் டப்பாவில் கிடக்கிறது
வாய் பிளந்தபடி.

அன்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு
சேலை மாற்றுகிறேன்.
அவர் முன்னறையில் படுக்கிறார்,
இருமல் என்று சொல்லி.

மூன்றாம் வாரம் பெனிலா திரையை விலக்கினாள்.
"தெனமும் வர முடியாது. வீட்ல நீங்கதான் செய்யணும்."
அவர் தன் கைகளைப் பார்த்தார்.
இரும்புச் சக்கரம் சுற்றிய கை,
காய்ப்பு மேல் காய்ப்பு.
அவளுடைய தோளில் வைத்துப் பழகச் சொன்னாள்.
"அய்யோ மாமா, இது ஷட்டர் இல்ல."

அன்றைக்கு ராத்திரி
வறுத்த முந்திரி ஒரு பிடி அவர் முன்னால் போட்டேன்.
இருபத்துநாலு வருஷம் ஆலையில் நான் செய்த வேலை:
பருப்பு உடையாமல் தொலி எடுப்பது.
அவர் எடுத்ததெல்லாம் பாதி பாதி.
"கூலியில பிடிப்பாங்க."
இருபதாவதோ என்னவோ ஒன்று முழுசாய் வந்தது.
அதை அவரே தின்றார்.

பிறகு கழுத்து.
பிறகு வலது அக்குள்.
அப்புறம் மார்புக்குக் குறுக்கே
இடதிலிருந்து வலதுக்குப் போகவேண்டும்.
அங்கேதான் தையல் கிடக்கிறது,
நீளமாய், கொஞ்சம் கோணலாய்.
விரல் நின்றது.
கரண்டும் இல்லை, ஃபேனும் இல்லை,
வாழைத்தோட்டத்தில் தவளைகள் மட்டும்
நிறுத்தாமல்.

"மாத்தூர் தொட்டிப்பாலம்" என்றார் கடைசியில்.
"இந்தக் கரையில வழி இல்லேன்னா
ஆத்துக்கு மேல தூக்கி
அந்தக் கரைக்குக் கொண்டு போகணும்."
விரல் மெதுவாகப் பாலத்தில் ஏறியது.

"வலிக்கா?"
"மரத்துப் போச்சு. தொடுதது தெரியல.
இத்தன நாளு தொடாதது தெரிஞ்சுது."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அப்புறம் இருமல் இல்லை.

பத்து நாள் கழித்து டேப் வைத்தாள் பெனிலா.
முழங்கைக்கு மேலே ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு.
மணிக்கட்டில் அரை.
புறங்கை அப்படியே.
"கடைவரம்புக்குத் தண்ணி வரலேன்னுதான்
மனு கொடுப்பாவ" என்றார் வரும் வழியில்.
"இங்க கடைவரம்புலதான் தண்ணி நிக்குது.
இதுக்கு யாருக்கு மனு கொடுக்க?"
பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.
எனக்குச் சிரிப்பு வந்து
தையல் இழுத்தது.

நேற்று ராத்திரி நல்ல மழை.
முழங்கை தாண்டி இறங்கியிருந்தார், போன் அடித்தது.
சானல் நிறைகிறதாம்.
தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கி,
என் மணிக்கட்டை விடாமல்,
"லேய் தங்கசுவாமி, மாத்து சாவி ஒன்கிட்ட உண்டுல்லா,
போய் ரெண்டு சுத்து அடை.
நான் பைய வாறேன்.
இங்க இன்னும்
வெரல் அஞ்சும் பாக்கி கெடக்கு."