ஒரு பவுனும் மூன்று குன்றிமணியும்

பாபு ராவ் தெருவில் எங்கள் அடகுக்கடை.
எதிரே லாட்ஜ், வங்காள எழுத்தில் போர்டு.
ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள்
மூன்றாம் வாரம் எங்களிடம் வருவார்கள்.

நிதாய் மண்டல், மால்டா ஜில்லா.
கைக்குட்டை முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார்.
குங்குமம் அப்பிய ஒரு காசு.
வீட்டில் லட்சுமி பீடத்தில் இருந்ததாம்,
எப்போதிலிருந்து என்று யாருக்கும் தெரியாதாம்.

பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்தேன்.
லட்சுமி இல்லை.
ஓர் ஆண். தலையைச் சுற்றி நாடா, பின்னால் முடிச்சு,
மண்டையிடிக்குக் கட்டிக்கொண்டவன் மாதிரி.
மறுபக்கம் அம்மணமாக ஒருத்தர்
இடியை ஓங்கி நிற்கிறார், காலடியில் பறவை.
ஓரத்து எழுத்தில்
முக்கோணம் இரண்டு, வட்டம் மூன்று,
மிச்சம் எனக்குத் தெரியாது.

உரைகல்லுக்குத் தெரிந்தது: மாற்றுக் குறையாத தங்கம்.
தராசுக்குத் தெரிந்தது: ஒரு பவுன், மேலே மூன்று குன்றிமணி.
ரசீதில் எழுதினேன்:
‘காசு ஒன்று. ஆள் தலை. காதோரம் உரைத்தது.’

பொட்டலத்துக்கு அரக்கு உருகிக்கொண்டிருந்தது.
மேஜை ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டு
காசை இருபுறமும் அழுத்தி எடுத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

ராஜா இல்லாத கோட்டை என்று
எங்கள் ஊரைக் கேலி பேசுவார்கள்.
ஒரு ராஜா நாற்பத்தோரு நாள்
எங்கள் இரும்புப் பெட்டியில்
ஆம்பூர்க் குழந்தை ஒன்றின் அரைஞாணுக்குப் பக்கத்தில்
படுத்திருந்தார்.
வட்டி நூற்றுக்கு ஒன்றரை.

மீட்க வந்தபோது மனைவியும் வந்தாள்,
படிக்குப் படி நின்று, மூச்சு வாங்கி.
மாந்தோப்பில் பாதியை விற்றார்களாம்.
பீடம் வெறுமையாக இருக்கக் கூடாதாம்.
காட்பாடியில் ராத்திரி ரயில்.

சித்திரைக் கடைசியில் வளையல் வைக்க வந்த
ஹெப்சிபா டீச்சர், கல்லூரியில் சரித்திரம்,
மேஜை ஓரத்தைப் பார்த்தார், வளையலை மறந்தார்.
யவன ராஜா. இந்துகுஷ் மலைக்கு அந்தப் பக்கம்.
இரண்டாயிரத்து இருநூறு வருஷம்.
உலகத்திலேயே கொஞ்சம்தான். அசல் எங்கே?
எவ்வளவு பெறும் என்று கேட்டேன்.
சொன்னார்.
உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

முகவரி ரசீதில் இருக்கிறது.
கடிதம் எழுத மூன்று முறை உட்கார்ந்தாயிற்று.
என்னவென்று தொடங்க?
நீங்கள் கும்பிடுவது ஓர் ஆம்பளையை என்றா,
தோப்பை விற்றிருக்க வேண்டாம் என்றா?

இதற்குள் கத்திரி வந்துவிட்டது.
ஜன்னல் வெயிலில் அரக்கு இளகி
முதலில் மூக்கு போயிற்று,
அப்புறம் நாடாவின் முடிச்சு.
இடிக்காரர் மட்டும் இன்னும் நிற்கிறார்,
அச்சில் கை மாறி,
இடதுகையால் ஓங்கியபடி.