ஏழாவது தடவை

கைதடியிலிருந்து பழைய பூங்காவுக்கு
ஏழாவது தடவையாக இதைக் கொண்டுபோகிறேன்.
மஞ்சள் மட்டை, சிவப்பு நாடா,
மூலையில் என் வியர்வைக் கையின் அடையாளம்.

போன கிழமை சபையில் மேசையில் அடித்தார்கள்.
"பாதீட்டில் ஒரு சதமும் மாற்றமாட்டோம்!"
ஆளுநரின் செயலகத்தில் எவரும் மேசையில் அடிப்பதில்லை.
பென்சிலால் ஒரு கேள்விக்குறி,
அவ்வளவுதான்,
கோப்பு திரும்பி வரும்.

நாவற்குழிப் பாலத்தில் காற்று
அதைப் பிடுங்கப் பார்க்கிறது.
தொடைக்கும் டாங்கிக்கும் இடையில் வைத்து அழுத்துகிறேன்.
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
ஒருநாள் செம்மணி வெளியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி
நாடாவை அவிழ்த்தேன். பிழைதான்.
நூற்றெண்பத்தாறாம் பக்கத்தில் ஒரு வரி:
"தற்காலிகச் சாரதிகள், சிற்றூழியர்கள்."
அந்த வரிக்குள் நான் இருக்கிறேன்.
அம்புலன்ஸ் ஓட்டும் குகராசா இருக்கிறான்,
மூன்று மாதமாகச் சோற்றுக்குக் கடன் சொல்லிக்கொண்டு.

"ரண்டு பகுதியும் கொள்கைக்காக நிக்கினம்"
என்றார் பிரதம இலிகிதர் அற்புதமலர்,
பிளேன்ரீயைக் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டு.
கன்ரீன்காரர் எழுதினார்.
அந்தக் கொப்பிக்கு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை.

வாசல் காவலாளி கேட்கிறான்:
"திரும்பவுமோ?"
உள்ளே பதிவேட்டைத் தள்ளுகிறார்கள்.
கொண்டுவந்தவர் ஒப்பம்.
வைக்கிறேன்.
இந்தக் கோப்பில் தாமதமில்லாமல் விழுவது
அது ஒன்றுதான்.

வெளியே வந்து
வண்டியை ஒருதரம் ஆட்டி
காதைக் கொடுத்துக் கேட்கிறேன்,
கைதடி மட்டும் காணுமோ பெற்றோல்.