குட்டைப் பென்சில்

ஆமர் வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கினால்
வீட்டுக்கு இரண்டு வழி.
நேர் வழி ஏழு நிமிடம்.
அதில், சலூனுக்கும் பாமசிக்கும் நடுவில்
ரேஸ் புக்கி.
சுற்று வழி இருபது நிமிடம்.
கானில் தண்ணீர் தேங்கி நாறும்.
ஒரு கறுத்த நாய்
இன்னும் என்னை ஏற்றுக்கொள்ளவில்லை.
பிரசங்கங்களில் நேர் வழிக்கு நல்ல பெயர்.
கொட்டாஞ்சேனையில் அப்படி இல்லை.
மாசியிலிருந்து நான் சுற்று வழிக்காரன்.

வாலும் கொம்பும் உள்ள சாத்தானை
ஞாயிறு பள்ளிச் சுவரில் பார்த்ததோடு சரி.
என்னிடம் வருகிறவன்
கணக்குத் தெரிந்தவன்,
குடும்பப் பொறுப்பு உள்ளவன்.
வயலட்டுக்குப் பல் கட்ட வேண்டும் என்பான்.
சின்னவளுக்கு இரண்டு மாத டியூசன் காசு பாக்கி என்பான்.
ஐந்நூறு ரூபாய், ஒரே ஒரு துண்டு.
நான் அசையாவிட்டால்
குரலைத் தாழ்த்திக்கொண்டு
'விழுந்தால் பத்தில் ஒன்று கோயிலுக்கு' என்பான்.
அந்த இடத்தில்தான்
எனக்கு முழங்கால் இளகும்.

நான் போகாத நாட்டில்,
மிதிக்காத புல்லில்
ஓடுகின்றன குதிரைகள்.
மழை ஊறிய தரையில் எது முந்தும்,
எந்தச் சவாரிக்காரன் கடைசி வளைவில் சாட்டை எடுப்பான்,
எல்லாம் தெரிந்திருந்தது எனக்கு.
மகள் ஆறாம் வகுப்பா ஏழா என்று
பாடசாலை வாசலில் கேட்டபோது
விழித்தேன்.
வயலட்டின் காப்பு ஒன்று
செட்டியார் தெருவுக்குப் போய்
அங்கேயே தங்கிவிட்டது.

குருத்தோலை ஞாயிறன்று
சட்டைப் பையில் கிடந்ததையெல்லாம் அள்ளி
காணிக்கைப் பையில் போட்டேன்,
கண்ணை மூடிக்கொண்டு.
பக்தி பாதி. பக்கத்து வாங்கு பார்க்கட்டும் என்பது மீதி.
அடுத்த ஞாயிறு
சனம் கலையும்வரை வாசலில் காத்து நின்றார்
கோயிற்பிள்ளை சொலமன்.
'அண்ணன், இது உங்களுடையது.'
உள்ளங்கையில்
பச்சை நிறத்தில் ஒரு குட்டைப் பென்சில்.
எப்படித் தெரியும் என்றேன்.
'இந்தப் பச்சை
அந்தக் கடையில் மட்டும்தான் கொடுப்பார்கள்.'
விட்டுப் பதினொரு வருடமாம்.
'அப்போ, எல்லாம் சரியாகிவிட்டதா?'
விளக்குத் திரியைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்,
'இன்றைக்கு இன்னும் பின்னேரம் ஆகவில்லையே.'

நேற்றுச் சம்பளம். ஆனி மழை.
சுற்று வழியில் இடுப்பளவு தண்ணீர்,
நாய்கூட மதிலேறி நின்றது.
திரும்பி நடந்தேன், நேர் வழி.
'அய்யே! எங்கே இவ்வளவு நாள்?
நனையாமல் உள்ளே வாங்கோ' என்றான் ருவன்.
அவன் குரலில் ஒரு கபடமும் இல்லை.
அதுதான் கஷ்டம்.
உள்ளே மின்விசிறி, சிகரெட் மணம்,
டீவியில் மூச்சு வாங்கும் வெள்ளைக்காரன் குரல்,
எனக்கென்று காலியாய் ஒரு கதிரை.

ஐம்பது வருடமாக
ஓட்டமாய்ச் சொல்லிவந்த ஜெபத்தில்
சோதனையைப் பற்றிய அந்த ஒரு வரி
மீன் முள்ளாய்த் தொண்டையில் நின்றது.
உள்ளே போகவில்லை, வெளியே வரவில்லை.
வானம் திறக்கவில்லை.
கால்தான் ஒரு எட்டுத் தள்ளி வைத்தது.
சலூன் கதவு.

முந்தாநாள் வெட்டிய தலையைக்
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
'எதை வெட்ட?' என்றார் நஸ்வர்.
'இருப்பதை.'
சுவருக்கு அந்தப் பக்கம்
நாலாவது ரேஸ் முடிந்து ஆரவாரம் கேட்டது.
எது வென்றதென்று தெரிந்துகொள்ள
என் காது மட்டும் எழுந்து போனது.
பொய் சொல்வானேன்.
மற்றதெல்லாம்
வெள்ளைத் துணிக்குள் கட்டுண்டு
கதிரையில் இருந்தது.

வயலட் தலையைப் பார்த்தாள்,
சம்பளக் கவரை எண்ணினாள்,
அறுநூறு குறைந்தது.
மறுபடி தலையைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல்
துவாயை எடுத்துத் தந்தாள்.

பென்சில் இன்னும் சட்டைப் பையில்.
எறியத்தான் வேண்டும்.
மழை விட்டிருக்கிறது.
மணி இரண்டு.
இன்றைக்கும் பின்னேரம் வரும்.