ஐம்பத்திரண்டு

நாடியைத் தொடக்கூடாது என்றாள் கைரித்.
கழுத்தில் விரல் கூடாது,
மூச்சை அடக்கக் கூடாது.
உள்ளே கேட்பதை மட்டும்
எண்ணிச் சொல்லுங்கள்.

தார்த்துவில் பிப்ரவரி.
ஆறு உறைந்தும் உறையாமலும் கிடந்தது.
ரொட்டிச்சாலையில் இரவு வேலை முடிந்து
நேரே வந்திருந்தேன்,
சட்டைக் கையில் கம்பு மாவோடு.

எண்ணினேன்.
ஒன்று. இரண்டு.
பிறகு ஹீட்டருக்குள் ஏதோ சொடுக்கியது.
அதுவா நானா, தெரியவில்லை.

முப்பத்தொன்று என்றேன்.
எவ்வளவு நம்பிக்கை, நூற்றுக்கு?
தொண்ணூறு.

அவளுக்குப் பின்னால் சன்னல் கண்ணாடியில்
இயந்திரத்தின் சிவப்பு எண்: 52.
கட்டம் கட்டமான அந்த எழுத்தில்
இடவலம் மாறினாலும்
ஐம்பத்திரண்டு ஐம்பத்திரண்டுதான்.
என்னைக் கேட்காமல்
இருபத்தொரு துடிப்பு கடந்து போயிருக்கிறது.

என் கணக்கு வேறு.
ஒரு திங்கள்கிழமை ஒன்பது கொட்டாவி.
கிலு மீனின் உப்புக்காக
நாக்கு அலையும்.
பிடரியில் யாரோ
ஈரத்துணி பிழிவார்கள்.
மூத்திரம், மறுபடியும் மூத்திரம்.
அப்போதெல்லாம் நினைப்பேன்:
பசி,
குளிர்,
மேற்பார்வையாளர் ஊர்மாஸ்.
வந்தது என்னவென்று
வலி வந்த பிறகுதான் புரியும்.
பதினாறு வருடமாக, ஒவ்வொரு முறையும்
பிறகுதான்.

அஹ்தோவுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது,
நான் கரண்டி வைக்கிற ஓசையில்.
திரையை இழுத்து மூடிவிட்டு
ஒன்றும் சொல்லாமல் போவான்.
அதற்காக அவன்மேல் எரிந்து விழுவேன்.
எரிந்து விழுவதும்
அதன் அறிகுறிதானாம்.

வலி முற்றிய இரவில்
எண்ணக் கஷ்டமே இல்லை.
இதயம் நெஞ்சைக் காலி செய்துவிட்டு
இடது கண்ணுக்குப் பின்னால் குடிவந்துவிடும்.
ஒவ்வொரு அடியும்
பெயர் சொல்லிக் கூப்பிடும்.
அன்றைக்கு என்னைக் கூப்பிடுங்கள் கைரித்,
நூற்றுக்கு நூறு வாங்கிக் காட்டுகிறேன்.
அன்றைக்கு
எழுந்து கதவு திறக்கத்தான்
ஆள் இருக்காது.

இன்னொரு முறை, என்றாள்.
கண்ணை மூடினேன்.
கொட்டாவி வந்தது.
இரவு வேலை, என்றேன்.
இரண்டாவது கொட்டாவிக்கு
அவள் பேனா நின்றது.
ஏதோ கேட்க வாயெடுத்து,
கேள்விப் பட்டியலைப் பார்த்து,
கேட்காமல் விட்டாள்.

திரும்பும் வழியில்
கடையில் நின்று
ஒரு டப்பா கிலு வாங்கினேன்.
பாலத்திலேயே திறந்து
கையுறையைக் கழற்றித் தின்றேன்.
பசி.
வேறொன்றுமில்லை.