இரண்டு இலக்கங்கள்

"நான் ஒராள்தானே தங்கச்சி,
ஏன் ரெண்டு நம்பர்?"
ஜன்னல் ஓட்டைக்குள் துண்டை நீட்டியபடி கேட்டார்
சீனக்குடா பேரின்பம்.
614 முழங்கைத் தோல்.
615 ஈரல்.
வரிசை வாசல்வரை நின்றது. "அடுத்தாள்" என்றேன்.

சொல்லாத பதில்
பின்னேரம் முழுக்கக் கையுறைக்குள் வியர்த்தது.

மெழுகில் புதைத்து, மயிரிழையிலும் மெல்லிதாய்ச் சீவி,
இளஞ்சூட்டு நீரில் மிதக்கவிட்டுக்
கண்ணாடியால் ஏந்தினால்
இரண்டுக்கும் ஒரே வெளிறல்.
இரண்டிலும் கலத்துக்குக் கலம்
அதே நூல், எழுத்துப் பிசகாமல்,
தாயிடம் பாதி தகப்பனிடம் பாதி வாங்கியது.
தோலுக்குள் ஈரலின் பாடம் முழுதும் கிடக்கிறது.
ஈரலுக்குள் நகமும் மயிரும் செய்கிற விதி கிடக்கிறது.
கிடக்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் வேலையை வைத்தே சொல்லியிருக்கலாம், பேரின்பம்.
காட்டுக்குள் தொண்ணூற்றொன்பது எண்ணெய்த் தாங்கிகள்,
ஒரே வரைபடம், ஒரே இரும்பு.
சிலதுக்குத்தான் பாதை.
மற்றதுகளைப் பாலையும் வீரையும் கட்டிப்பிடித்து நிற்கின்றன.
நாட்கூலிக்குக் கத்தியோடு
முதலில் உள்ளே போகிற ஆள் நீங்கள்.
நீங்கள் வெட்டிய பிறகுதான்
குழாய் பொருத்துகிறவன், லொறி, கணக்கெழுதும் பொடியன்.

ஈரல் கலத்திலும் அப்படி ஒரு முதலாள் உண்டு,
ஃபாக்ஸ்-ஏ என்று ஒரு புரதம்.
இறுகச் சுருண்ட நூலுக்குள் தோளைக் கொடுத்து
இடம் விலக்கும்.
பின்னால் வருகிற எச்.என்.எஃப். நான்கு
தனக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு எழுத்தைத்
தடவித் தடவிக் கண்டு, அதிலே குந்தும்.
"இங்கயிருந்து படி" என்று கை காட்டும்.
அல்புமின் ஊறும், பித்தம் ஊறும்,
சம்பள நாளில் நீங்கள் குடித்தது உடைபடும்.

தோலில் இவர்கள் இல்லை.
அங்கே அடிவரிசையில் பி-அறுபத்துமூன்று
கெரட்டின் பக்கத்தை விரித்துப் பிடித்திருக்கிறது.
வெயில் ஏறினால் அண்டை நிறக்கலத்தில்
மிட்ஃப் உசும்பி, மெலனின் இறைக்கச் சொல்கிறது.
கொழும்பிலிருந்து ஐஸ்பெட்டியில் வந்த சாயமும் கபிலம்,
மே மாத வெயிலுக்கு உங்கள் முழங்கை எழுதிய பதிலும் கபிலம்.
எது எதென்று பிரித்துப் பார்க்க
எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

இன்னொன்று இன்றைக்கும் பிடிபடவில்லை.
கை காட்டுகிற இவர்களைச் செய்கிற விதியும்
அதே நூலில்தான் இருக்கிறது.
அப்படியென்றால் அந்தப் பக்கத்தை
முதன்முதலில் திறந்தது யார்?
இன்னொருவர். அவரை?
கேட்டுக்கொண்டே போனால்
கருப்பையில் ஒரு கலம் எந்தப் பக்கம் கிடந்தது,
பக்கத்தில் யார் கிடந்தார் என்பதில் போய் முட்டுகிறது.
அதற்கு மேல் எனக்குப் படிப்பில்லை.

நாலரை மணி.
615ஐ லென்சுக்குக் கீழே வைக்கிறேன்.
நடுவெல்லாம் கபிலக் கருக்கள்,
கூப்பிட்ட கூப்பிட்ட இடத்தில் ஆள் வந்திருக்கிறது.
கண்ணாடியை இடப்பக்கம் நகர்த்துகிறேன்.
ஓரத்தில் நீலம்.
வெறும் நீலம்.
அங்கே எச்.என்.எஃப். வரவில்லை.
ஈரலென்பதை மறந்த கலங்கள், தோலாகவும் தெரியாதவை,
பெருகுவது ஒன்றைத்தான் ஞாபகம் வைத்திருக்கின்றன.
நூலில் எங்கே எழுத்துப் பிசகியதென்று
இந்தச் சாயம் காட்டாது.
ஆள் வராத தாங்கியை இரண்டே மாரியில் காடு மூடும் என்று
துண்டு எழுதும்போது சிரித்துச் சிரித்துச் சொன்னீர்கள்.

வெளியே, ஆஸ்பத்திரி மதிலோரம்
கோட்டை மான் ஒன்று
யாரோ எறிந்த லன்ச் சீட்டைச் சப்புகிறது.
விரட்டப் போனேன், அது என்னைப் பார்த்தது, விட்டுவிட்டேன்.

புதன்கிழமை வருவார்.
614இல் ஒன்றுமில்லையென்று டொக்டர் எழுதி முடித்துவிட்டார்.
இரண்டு தாளையும் ஒரே உறைக்குள் போடுகிறேன்,
அந்தத் தாள் மேலே இருக்கும்படி.