நாற்காலியில் கரடி

காலை எட்டு மணி. இரவு இன்னும் கிளம்பவில்லை.
நவம்பரில் போன சூரியன்
ஜனவரி கடைசியில்தான் எட்டிப் பார்க்கும் இங்கே,
உப்பர்னாவிக்குக்கு வடக்கே, நாற்பது வீட்டுத் தீவில்.
பதினொரு பிள்ளைகள்.
பதினொரு ஜோடி பூட்ஸ்
ஹீட்டர் அடியில் பனி வடிக்கின்றன.

முதலில் கைதட்டல்.
எங்கள் சொற்கள் நாய்கள் இழுக்கும் வண்டி போல,
மூட்டைமேல் மூட்டை ஏற்றிக்கொண்டே போகலாம்.
ஆகவே இறக்கி எண்ணப் பழக வேண்டும்.
சூரியன்: செ-கி-னெக். மூன்று தட்டு.
விமானம்: திம்-மி-சர்-தொக். நான்கு.
கப்பல்: உ-மி-அர்-சு-அக். ஐந்து.
அவியாயா மட்டும் ஆறு தட்டுவாள்.
ஒன்று கேப்டனுக்காம்.

பிறகு பனித்தட்டு.
கேக் சுடும் தகரத் தட்டுகளில்
வாசலிலிருந்து பனி அள்ளி வருவார்கள்,
அதில் விரலால் எழுத்து.
கரைவதற்குள் பக்கத்தில் இருப்பவர் படிக்க வேண்டும்.
சோம்பேறிக்கும் அவசரம் வந்துவிடும் விளையாட்டு.
அறை சூடாக இருந்தால் நான் தோற்பேன்:
தட்டு நிறைய தண்ணீர்,
மேஜையெல்லாம் சொட்டச் சொட்ட எழுத்து.

பிறகு தொண்டைக் 'க்'.
அடிநாக்குக்கும் கீழே, மீன்முள் சிக்கும் இடத்தில்
பிறக்கிற ஒலி. கை வைத்துத் தொட்டுப் பார்க்கிறோம்.
விதி ஒன்று உண்டு, அதைக் கதையாகச் சொல்வேன்:
தொண்டைக் 'க்' பின்னால் வந்து நின்றால்
'உ' திரும்பிப் பார்க்கும்,
பயந்துபோய் 'ஒ' ஆகிவிடும்.
உல்லோரியாக் ஒவ்வொரு முறையும் கேட்பான்:
"பிறகு பயம் போகுமா?"

கதவில் 'கதவு', ஜன்னலில் 'ஜன்னல்',
நாற்காலியில், மேஜையில்,
கடிகாரத்தில், சுவரில் மாட்டிய கடல் படத்தில்,
மஞ்சள் அட்டையில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
தினமும் காலையில் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று.
போவாஸ் தொடுவான். வாய் திறக்க மாட்டான்.
கைதட்டலின்போது கையை
கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வான்.
பனியில் அவன் எழுதுவது கோடு. வெறும் கோடு.

நகராட்சிக்கு அனுப்பும் படிவத்தில்
அவன் பெயருக்கு நேரே, மூன்றாவது மாதமாக,
'இன்னும் இல்லை' என்று எழுதினேன்.
பேனா நன்றாகத்தான் எழுதியது.
அன்று இரவு
நான் எழுதியதிலேயே சுலபமான சொற்கள் அவைதான்
என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

வியாழக்கிழமை சாவி போட்டுத் திறந்தேன். விளக்கைப் போட்டேன்.
யாரோ அறையைக் கலைத்திருந்தார்கள்.
ஜன்னலில் 'ஜன்னல்' இல்லை;
படத்திலிருந்து கழன்ற 'கடல்' அங்கே ஒட்டியிருந்தது.
கண்ணாடிக்கு அப்பால் கருப்பு மட்டும்.
ஆனால் அங்கேதான் இருக்கிறது கடல்.
ஹீட்டர் அடியில், யாரோ மறந்த ஒற்றை பூட்ஸில்
'படகு'.
கடிகாரத்தில் 'நிலா'. அது தலைகீழாக.
கதவின் அட்டையைக் காணவே காணோம்.

கோபப்படத்தான் வாயைத் திறந்தேன்.
அப்புறம் என் நாற்காலியைப் பார்த்தேன்.

அதில் இருந்தது என் மஞ்சள் அட்டை அல்ல.
பிஸ்கட் டப்பாவிலிருந்து கிழித்த பழுப்பு அட்டை,
கொட்டை கொட்டையாக ஐந்து எழுத்து:
நானுக்.
வெள்ளைக் கரடி.

இந்தச் சொல்லை நான் பலகையில் எழுதியதில்லை.
இந்த வருஷம் கரடிக்கு அட்டையே செய்யவில்லை.
யாரோ தன் காதையே புத்தகமாக்கி,
ஒலியை ஒவ்வொன்றாக இறக்கி வைத்திருக்கிறார்கள்.
பிழைதான். 'நானொக்' என்று இருக்க வேண்டும்.
ஆனால் பின்னால் தொண்டைக் 'க்' நிற்கிறது,
இந்த 'உ' திரும்பிப் பார்க்கவும் இல்லை.

எட்டரைக்குப் பிள்ளைகள் வந்தார்கள், ஒரே கூச்சல்.
போவாஸ் கடைசியில்.
பைக்குள் கை, பைக்கு வெளியே
மஞ்சளாக ஒரு மூலை.
கதவு அவனிடம்தான் இருக்கிறது.

நான் கேட்கவில்லை. திருத்தவும் இல்லை.
கரடி மேல் உட்கார்ந்து
வருகைப் பதிவேட்டைப் பிரித்தேன்.