மழை தனி

மால்மோவில் பதினான்கு மாதம்
மழை வரைந்தேன்.
தகரக் கூரையில் ஒரு விதம், குதிரையின் பிடரியில் வேறு.
யோரன் ஒலி சேர்த்தான்,
தன் சமையலறைத் தொட்டியில் அரிசியைக் கொட்டிக் கொட்டி.

விளையாட்டு வெளியானது,
மழையில்லாமல்.
மழை தனி. இருபது யூரோவுக்கு ஒரு சென்ட் குறைவு.
இடியும் வேண்டுமென்றால் தங்கப் பதிப்பு.

வசந்தத்தில் எங்களை அனுப்பினார்கள், முந்நூறு பேரை,
காணொளியில், எங்கள் ஒலியை அணைத்துவிட்டு.
ஊழியர் கணக்கும் போயிற்று.

நேற்று பாதி விலை என்றார்கள்.
முந்தின வாரம்தான் இரட்டிப்பாக்கியிருந்தார்கள்.
வாங்கினேன்.
அடியில் பொடியெழுத்து:
இது உங்களுக்குச் சொந்தமல்ல,
நாங்கள் விரும்பும்வரை பார்க்கலாம்.

குதிரையை நிறுத்தி நனைகிறேன்.
பிடரியில் மூன்றாவது துளி
இன்னமும் சற்றுத் தாமதமாகத்தான் விழுகிறது.
திருத்த நினைத்திருந்தேன்.